தாரா வள்ளத்துக் கதிரையும் ஒரு வெறும் பொக்கற்றும்

போன மாதம் நடீன் தொலைபேசியில் அழைத்தாள். ஏரிக்கரைப் படகுப் பட்டறையில் நான் இருந்து தைத்த மெசினுக்கு முன்னால் இப்போது இருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் என்னிடம் சந்தேகம் கேட்பது குறைவு. இப்போது படகுக் கதிரைகள் பெட்டியில் வருகின்றன. பெட்டிக்குள் விளக்கத் தாளும் வருகிறது. அப்படியிருக்க என்னிடம் கேட்க என்ன இருக்கிறது?

"ஒரு பழைய வள்ளம் வந்திருக்கு. தாரா வேட்டைக்குப் போற சின்ன வள்ளம். அதின்ர கதிரைக்குப் புதுத் துணி போடவேணும். தையலைப் பார்க்க உங்கட வேலை எண்டு தெரியுது. மெத்தைக்குக் கீழ நீளமா, ஒடுக்கமா ஒரு பொக்கற் தைச்சிருக்கிறீங்கள். உள்ளுக்க ஒண்டுமில்லை. என்னத்துக்கு இது?" என்று கேட்டாள்.

உண்மையில் அவள் என்னை 'நீ' என்றுதான் சொன்னாள். இங்கே வேலைத்தலத்தில் அதுதான் வழக்கம். என் காதுதான் அதை 'நீங்கள்' என்று திருத்திக் கேட்டுக்கொள்ளும். இந்தக் கட்டுரையில் வரும் சுவிஸ்காரர்கள் எல்லோரும் சுவிஸ் ஜெர்மனில்தான் கதைத்தார்கள். எனக்கு அவை யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் இருக்கின்றன; வாத்துக்கூட எனக்குத் தாராதான். அவர்கள் கோபிக்கமாட்டார்கள், வாசிக்கவும் மாட்டார்கள்.

அந்தப் பொக்கற்றைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருடத்துக்குக் கிட்டிய உழைப்பில் எத்தனையோ தைத்தேன். பாய்மரத் துணிக்கு ஒட்டுப் போட்டேன், பணக்காரரின் படகுகளுக்கு வெள்ளைத் தோல் மெத்தை போட்டேன். அவை எல்லாம் மறந்துவிட்டன. அந்த ஒரு வெறும் பொக்கற்றின் ஒவ்வொரு ஊசிக்குத்தும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

முதலில் நான் எப்படி அந்தப் பட்டறைக்கு வந்தேன் என்று சொல்லவேண்டும். சுருக்கமாகவே சொல்கிறேன். கொழும்பில் காற்சட்டை தைத்தேன். சுவிசுக்கு வந்து, எல்லோரையும் போல ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். சோலோதுர்னில் வீடு எடுத்தோம். ஒருநாள் ஹோட்டல் வெளி முற்றத்தில் கிழிந்த கூடாரத் துணியை நான் கையால் தைத்துக்கொண்டிருந்ததை, பியர் குடிக்க வந்த ஒருவர் பார்த்தார். தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். அடுத்த மாதம் நான் அவருடைய பட்டறையில் நின்றேன். படிப்பு அவ்வளவுதான்.

அவருடைய பெயர் கோபி. வெள்ளைக்காரக் கோபி. யாக்கோபை இங்கே அப்படிச் சுருக்குவார்கள், முதலாளியை ஷெஃப் என்பார்கள். பேர்ண் கோவிலில் 'எங்கட ஷெஃப் கோபி' என்று நான் சொன்னால், 'எந்த ஊர்க் கோபி? ஆரின்ர மகன்?' என்றுதான் கேட்பார்கள். கொஞ்சக் காலம் நானும் திருத்தவில்லை. நம்முடைய ஆள் ஒருவர் ஏரிக்கரையில் படகுப் பட்டறை வைத்திருக்கிறார் என்று ஊருக்குள் நல்ல கதை உலாவியது.

கோபியின் வாயில் 'நல்லது' என்ற சொல் கிடையாது. எவ்வளவு திறமாகச் செய்தாலும், 'பாவிக்கலாம்' என்பார், உபயோகத்துக்கு உதவும் என்பதுபோல. அதுதான் அவருடைய உச்சப் பாராட்டு. ஒருமுறை அவருடைய மனைவி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எப்படி என்று கேட்டபோதும், அந்தச் சொல்லைத்தான் சொன்னார்.

கதிரைகளைச் சோதிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. காலை ஒன்பது மணி இடைவேளையை இங்கே ஸ்நூனி என்பார்கள். பாண், ஒரு துண்டுச் சீஸ், செர்வெலா என்ற தடித்த சொசேச். இவற்றை எடுத்துக்கொண்டு கோபி புதிதாக முடித்த கதிரையில் போய் இருப்பார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். சாப்பாடு முடியும்வரை ஒருமுறைகூட ஆசனம் மாற்றி அசையாவிட்டால் கதிரை சோதனையில் சித்தி. இடையில் ஒரு நெளிவு நெளிந்தாலும் நான் தையலை உரிக்கவேண்டும். முதல் வருடங்களில் அவர் சாப்பிடும்போது என் கண் அவருடைய முகத்தில் இருக்காது. எங்கே இருக்கும் என்று எழுதத் தேவையில்லை.

வால்ட்டர் வந்தது 2012 இலையுதிர்காலத்தில். எழுபத்தெட்டு வயது. மனைவி இறந்து கொஞ்சக் காலம். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து இரும்பு மூட்டு வைத்து, ஊன்றுகோலை விட்டு அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தார். கூடவே மகள் ரெகுலா வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. அவள் பட்டறைக்குள் கால் வைத்ததும் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்றோம். பார்த்தாள், அவ்வளவுதான்.

"அப்பா இந்தக் குளிருக்கும் தாரா வேட்டைக்குப் போகப்போறாராம். தனிய. இந்த வள்ளத்தில," என்றாள்.

"ஐம்பது வருசமாப் போறன்," என்றார் வால்ட்டர்.

"பழைய இடுப்போட போனீங்கள்." அவள் கோபியின் பக்கம் திரும்பினாள். "இதுதான் என்ர நிபந்தனை. அவர் வள்ளத்துக்குள்ள அடிமுதுகு, நாரி பிடிக்காமல் இருக்கவேணும். பிறகு ஒருத்தற்றை கையும் பிடிக்காமல் தானா எழும்பி, இறங்குதுறையில காலை வைக்கவேணும். நான் நிண்டு பாப்பன். ஏலாட்டி வள்ளத்தை விக்கிறது. வாங்கிறதுக்கு ஆள் இருக்கு."

வால்ட்டர் தலையை ஆட்டினார். ஏற்கனவே வீட்டில் வழக்குப் பேசித் தோற்றிருக்கிறார் என்று விளங்கியது. அவள் காருக்குப் போனதும் எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "மனிசி போனதில இருந்து வீட்டில எல்லாரும் என்னோட கதைக்கினம். மகள் கதைக்கிறா, நேர்ஸ் கதைக்கிறா, பக்கத்து வீடு கதைக்குது. வள்ளத்திலதான் ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

இனி வேலையைச் சொல்கிறேன். தாரா வேட்டை வள்ளம் தட்டையானது, ஒடுக்கமானது. ஒரு ஆளும் ஒரு நாயும் கொள்ளும். ஓரங்களில் காய்ந்த நாணற்புல் கட்டி மறைப்பார்கள். இருப்பவரின் தலை அந்தப் புல்லுக்கு மேல் தெரியக்கூடாது. தாராவின் கண் பொல்லாத கண். ஆகவே சாதாரண வாங்குப் பலகை உதவாது. ஆள் கிட்டத்தட்ட வள்ளத்தின் அடியில் கால் நீட்டி இருக்கவேண்டும். பாரம் கீழே இருந்தால் வள்ளமும் ஆடாது. ஆனால் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், பனிக்காலத்தில் அது ஆளை விறைக்க வைக்கும். துணி மினுங்கக்கூடாது, சரசரக்கக்கூடாது. சாதாரண பஞ்சு மெத்தை ஒரு கிழமையில் ஏரியைக் குடித்துவிட்டு ஊறிப்போய்க் கிடக்கும்.

நான் அடியில் விரற்கடை உயரத்துக்கு மரச் சட்டங்கள் அடித்தேன், தண்ணீர் கீழால் ஓட. மேலே தண்ணீர் குடியாத இறுக்கமான ஃபோம், அதற்கு மேல் மெதுவான ஒன்று. முன்விளிம்பை உயர்த்திப் பின்பக்கத்தைத் தாழ்த்தினேன், ஆள் வழுக்கி முன்னுக்குப் போகாமல் இருக்க. முதுகுக்கு மடக்கக்கூடிய சாய்வு. துணி காய்ந்த புல்லின் நிறம். பிறகு நானே ஏறி இருந்து பார்த்தேன். அருமையாக இருந்தது. அரைமணி நேரம் இருந்திருப்பேன், ஒரு வலியும் இல்லை. துள்ளி எழும்பிப் போய்க் கோபியைக் கூப்பிட்டேன்.

அடுத்த நாள் கோபி ஸ்நூனியோடு வந்தார். வள்ளம் பட்டறை நடுவில் மரக்குதிரைத் தாங்கிகளில் நின்றது. ஏறி இருந்தார், கண்ணை மூடினார், சாப்பிட்டார். பாண் முடிந்தது. சீஸ் முடிந்தது. ஒரு அசைவு இல்லை. என் மனதுக்குள் நல்லூர்த் தேர் இழுபட்டது.

கண்ணைத் திறந்தார். எழும்பவில்லை. சொசேச்சில் இன்னொரு துண்டு வெட்டி மெதுவாகச் சப்பினார். கதிரையின் சுகத்தை அனுபவிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு இன்னொரு துண்டு. சொசேச்சும் முடிந்தது. கத்தியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"ஷெஃப், கை தரட்டோ?"

"வேண்டாம். யோசிக்கிறன்."

இடைவேளை முடிந்து எல்லோரும் வேலைக்குப் போன பிறகும் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நானும் இயந்திரம் திருத்துகிற ஆளும் ஆளுக்கொரு கையில் பிடித்து இழுத்தோம். இயந்திரக்காரன் படகு தூக்குகிற கிரேனைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். கோபி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"என்ர இடுப்பு என்ர சொந்த இடுப்பு," என்றார் கோபி. "எனக்கே எழும்பேலாட்டி வால்ட்டர் எப்பிடி எழும்புவார்? நீ எப்பிடி இதில இருந்து பாத்தனி?"

இருந்து காட்டினேன். அவர் நெடுநேரம் என் கால்களைப் பார்த்தார். நான் சப்பாணி கட்டி இருந்தேன். கோவிலில் பூசைக்கு இருக்கிற மாதிரி, வீட்டில் முருங்கையிலை உருவ இருக்கிற மாதிரி. அதற்கு முதல் நாளும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். கால் நீட்டி இருக்கவேண்டிய மனிதருக்கான கதிரையை, கால் மடக்கி இருந்து அளந்திருக்கிறேன்! அங்கே வேலை செய்த எந்தச் சுவிஸ்காரனுக்கும் வந்திருக்க முடியாத பிழை அது. ஏனென்றால் அவர்களில் ஒருவனுக்கும் அப்படி இருக்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சறோவிடம் சொன்னேன். சறோ என் மனைவி. முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்கு இந்தத் தாரா வள்ளம் வந்த நாளிலிருந்தே மனத்தாங்கல்.

"நீங்கள் தைக்கிற மெத்தையில இருந்து அந்த மனிசன் சுட்டா, பாவத்தில பாதி உங்களுக்குத்தான்."

"பாதி கூடிப்போச்சு, சறோ. துவக்குப் பிடிக்கிறது அவர். எனக்குக் கால்வாசி போடும்."

"பேரம் பேசுறதுக்கு இது மரக்கறிக் கடையே?"

இருந்தாலும் கதையைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரு வயசான ஆளை முன்னுக்கு இழுத்து எழுப்பேலாது. நாங்கள் அப்பிடிச் செய்யிறேல்லை. பக்கத்துக்குத் திருப்பவேணும். திரும்பினா ஒரு முழங்கால் நிலத்தில வரும். கைக்கு ஒரு பிடி வேணும். பிறகு மற்றக் கால். ஆக்கள் தானா எழும்பிவிடுவினம். இருங்கோ, காட்டுறன்."

குசினி நிலத்தில் நான் கால் நீட்டி இருக்க, என்னைப் பக்கமாகப் பிரட்டி, முழங்காலில் நிறுத்தி, கதிரை விளிம்பைப் பிடிக்க வைத்து எழுப்பிவிட்டாள். பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

"இப்ப உமக்கும் பாவத்தில பங்கு வந்திட்டுது," என்றேன்.

அவள் கரண்டியைத் தூக்கினாள்.

மறுநாள் எல்லாவற்றையும் உரித்தேன். மெத்தையின் இடது பக்கத்தைச் சரிவாக வெட்டினேன், உருண்டு திரும்ப. அந்தப் பக்கத்தில் முழங்காலுக்கென்று ஒரு தட்டை மெத்தை. கைக்கு எட்டும் இடத்தில் குறுக்காக ஒரு மரச்சட்டம், அதற்குத் துணி சுற்றினேன், குளிரில் கை ஒட்டாமல். நீட்டிய கால்களுக்குக் கீழே, முழங்கால் மடிப்பில் ஒரு ஆப்பு மெத்தை வைத்தேன். அதை வைத்ததும் நாரியிலிருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. இந்த முறை கால் நீட்டி இருந்து பார்த்தேன். கோபியும் இருந்து பார்த்தார், சாப்பாடு இல்லாமல், முதலில் எழும்ப முடிகிறதா என்று பார்த்துவிட்டு.

மெத்தைகள் நழுவாமல் இருக்க ஒட்டுப்பட்டி போட்டேன், சப்பாத்தில் இருக்கும் 'பர்ர்' என்று உரியும் பட்டி. வேட்டைக்காலம் தொடங்க முதல் வால்ட்டரோடு துவக்கில்லாமல் ஏரிக்குப் போனோம். நாயின் இடத்தில் நான். நாணலுக்குள் வள்ளத்தைச் சொருகிவிட்டுப் பேசாமல் இருந்தோம். தாராக்கள் வந்தன. பச்சைத் தலை, மஞ்சள் சொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, கல்லெறி தூரத்தில். வால்ட்டருடைய முகம் பத்து வயதுப் பையனின் முகமாக மாறியது. பார்க்கவென்று கொஞ்சம் முன்னுக்குச் சரிந்தார்.

பர்ர்ர்ர்.

ஏரி முழுக்க எழும்பிப் பறந்தது. வால்ட்டர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சறோவிடம் சொன்னேன்.

"அந்தப் பட்டியைக் கழட்டாதேங்கோ," என்றாள் உடனே.

வேலை வேலைதான். கழற்றிவிட்டு, மரக்கட்டைப் பொத்தானும் கயிற்று வளையமும் போட்டேன். அதில் ஒரு சத்தமும் வராது.

ரெகுலாவின் சோதனைநாளில் ஏரிக்கு மேல் மூடுபனி. அவள் நீண்ட கோட்டோடு இறங்குதுறையில் கைகட்டி நின்றாள். கோபியும் நானும் பின்னால் நின்றோம். வால்ட்டர் வள்ளத்துக்குள் கால் நீட்டி இருந்தார். அவள் தேநீர்ப் போத்தலைத் திறந்து, ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். கோபியின் ஸ்நூனிச் சோதனையைவிட அது கொடுமையாக இருந்தது.

"சரி அப்பா. எழும்புங்கோ."

வால்ட்டர் இடது பக்கம் உருண்டார். முழங்கால் மெத்தையில் வந்தது. கை சட்டத்தைப் பிடித்தது. அப்படியே நின்றுவிட்டார். முழங்காலில், தலை குனிந்தபடி. வள்ளம் மெல்ல ஆடியது. நான் என்னை அறியாமல் ஒரு காலை முன்னுக்கு வைத்தேன். கோபி என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த பிடியில் இரண்டு நாள் வலி இருந்தது. இந்த மனிதரை இந்த ஏரியிலிருந்து பிரித்துவிடாதே என்று மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டேன். தாராக்களைப் பற்றி அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

வால்ட்டர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "ரெகுலா, கடைசியா நான் வள்ளத்துக்குள்ள இப்பிடி முழங்காலில நிண்டது உன்ர அம்மாவிட்டச் சம்மதம் கேக்கேக்க. அவளும் உன்னை மாதிரித்தான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவள்."

ரெகுலாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அந்த இடைவெளியில் வால்ட்டர் மற்றக் காலை ஊன்றி, எழும்பி, இறங்குதுறையில் கால் வைத்துவிட்டார். ஒருவருடைய கையையும் பிடிக்கவில்லை.

"கைத்தொலைபேசியை மறக்காமல் கொண்டுபோங்கோ," என்றாள் ரெகுலா. வள்ளம் விற்கப்படவில்லை.

கோபி கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாவிக்கலாம்," என்றார்.

கதை அத்தோடு முடிந்திருக்கவேண்டும். தை பிறந்து கொஞ்ச நாளில் வால்ட்டர் பட்டறைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"இந்தக் கதிரையில ஒரு பிழை இருக்கு," என்றார். "இருந்த உடன நித்திரை வருது. இந்தக் காலம் முழுக்க ஒரு தாராவும் சுடேல்லை. போன கிழமை கண் முழிக்கேக்க ஒண்டு வள்ளத்தின்ர நுனியில இருந்து என்னைப் பாத்துக்கொண்டிருந்தது. என்ர சிநேகிதர் எல்லாரும் சிரிக்கினம். கொஞ்சம் சொகத்தைக் குறைச்சு விடு."

இத்தனை வருடத்தில் சுகத்தைக் குறைக்கச் சொல்லி வந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். நான் மெத்தைக்கு அடியில் ஒரு நீள் பொக்கற் தைத்து, அதற்குள் ஒரு மரக்கட்டையைச் செருகினேன். கட்டை இருந்தால் அந்த இடத்தில் குத்தும், ஆள் விழித்திருப்பார். வேண்டாமென்றால் உருவலாம்.

சறோ அன்று சாப்பாட்டுக் கோப்பையை எனக்கு முன்னால் பலமாக வைத்தாள்.

அடுத்த கிழமை வால்ட்டர் திரும்பி வந்தார். கட்டையை என் மேசையில் வைத்தார். "இதை நீயே வைச்சிரு. இது இருந்தா நித்திரை வருதில்லை."

"அதுக்குத்தானே போட்டது?"

"ஓம். போட்ட பிறகுதான் விளங்கினது." தொப்பியைக் கையில் சுழற்றினார். "மனிசி போனபிறகு எனக்கு வீட்டில நித்திரை இல்லை. தாரா இறைச்சி கடையில வாங்கலாம்."

அதன்பிறகும் ஒவ்வொரு குளிர்காலமும் துவக்கோடு போனார், நன்றாக நித்திரை கொண்டு வந்தார். சிநேகிதர்களுக்குக் கடைத் தாராவைக் காட்டினார் என்று கோபி சொல்லுவார். இரண்டு வருடத்துக்கு முன் வால்ட்டர் காலமானார். செய்தி கேட்டதும் பேர்ண் கோவிலில் அவருடைய ஆத்ம சாந்திக்குப் பூசை செய்விக்கப் போனேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தாரா நட்சத்திரம் இல்லையென்பதால் பெயரை மட்டும் சொல்லச் சொன்னேன்.

இவ்வளவையும் நடீனுக்குச் சுருக்கிச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "வள்ளம் இப்ப ரெகுலாவின்ர," என்றாள். "வேட்டைக்காரச் சோதினை பாஸ் பண்ணிட்டாவாம். இந்தக் குளிருக்கு முதல் முறையாப் போறா. எல்லாம் அப்பா வைச்சிருந்த மாதிரியே வேணுமாம். பொக்கற்றுக்குள்ள ஏதும் வைக்கிறதெண்டா அதையும் வைச்சுத் தரட்டாம். அந்தக் கட்டை உங்களிட்ட இருக்கோ?"

ஒலிபெருக்கியில்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். சறோவுக்கு ஜெர்மன் என்னைவிடத் திறம். குசினியிலிருந்து வந்து, என் முன்னால் நின்று, தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் பல்கனிக் கதவு காற்றுக்கு அடிபடாமல் திறந்து நின்றது. அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு கீழே கிடந்தது வால்ட்டருடைய கட்டை. பத்து வருடமாக அதுதான் அதன் இடம்.

"அப்பா வைச்சிருந்த மாதிரியெண்டா, பொக்கற் வெறுமையாத்தான் இருக்கவேணும். அப்பிடியே தை," என்றேன்.

"அப்ப கட்டை?"

"இருக்குது, பிள்ளை. ஆனா தரேலாது. ஓய்வெடுத்தது நான்தான், அது இன்னும் வேலைக்குப் போகுது."